சின்னத்தாயி முடிச்சு

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்சந்தில் சின்னத்தாயியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்களும் கிடையாது. பேசிக்கொண்டே முந்தானை நூலைப் பிரித்து முடிச்சுப் போடுவாள். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டைத் திரியாகத் திரித்துவிட்டு, செக்கர் வந்ததும் முழிப்பாள். ஒரு சாவு வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே பாயின் கோரையைப் பிடுங்கிப் பிடுங்கிப் பின்னியதில், பாய்க்குச் சொந்தக்காரி அழுகையை நிறுத்திவிட்டு இவளைத் திட்டினாள். அவள் புருஷன் கோவிந்தப்பா பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிற வேலைக்காரர், சாது. "இவ கைய ரெண்டு வாரம் கட்டிப் போட்டா ஆளே செத்துருவா" என்று கேலி பேசுவார். ஒருமுறை நிஜமாகவே அப்படிக் கட்டிப் போட்டார்கள். அவள் சாகவில்லை.

பிறந்த வீடு பூக்கட்டுகிற வீடு. கனகாம்பரமும் மல்லியும் கட்டிக் கட்டித்தான் வளர்ந்தாள். கல்யாணமானதும் பூக்கடை அண்ணன்மார்களுக்குப் போயிற்று, விரல்கள் மட்டும் அவளுடன் வந்தன. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தபோது, பழைய மதராஸ் ரோட்டில் இருந்த மெரிடன் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் பொம்பளைகளை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முதல் ஆளாகப் போய் நின்றாள்.

மெரிடனில் ஆபீசுகளுக்கும் ஓட்டல்களுக்கும் டெலிபோன் போர்டு செய்தார்கள். போர்டின் முகம் பார்க்க லட்சணமாக இருக்கும். முதுகைத் திருப்பினால் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கம்பிகள், பஞ்சு நூல் சுற்றிய கம்பிகள், எண்ணி மாளாது. அவற்றை ஆணியடித்த பலகையில் வரிசையாக ஓடவிட்டு, ஒன்றாகச் சேர்த்து, கிளை பிரிகிற இடத்தில் பிரித்து நூலால் கட்ட வேண்டும். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பேர். பெண்கள் எல்லாரும் ஜடை என்றுதான் சொன்னார்கள்.

ஜடை கட்டுவதில் ஒரு தொல்லை இருந்தது. நூலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகக் கட்டு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், ஒரு கை நூலை இழுக்க வேண்டும், முடிச்சுப் போட மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஒரு ஜடை முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சின்னத்தாயிக்கு இந்த நிதானம் ஆகவில்லை. மூன்றாம் நாளே ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டாள். பெரிய மாலை கட்டுகிறவர்கள் செய்வதுபோல நூலின் தலைப்பைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டாள். வெட்டாத ஒரே நூலில் சரசரவென்று கட்டிக்கொண்டே போனாள். பக்கத்து ஸ்டூல் ஜோசஃபின் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

ஃபோர்மேன் ஓஸ்வால்ட் ஆங்கிலோ-இந்தியர். காக்ஸ் டவுன்காரர், மீசையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக வருவார். சின்னத்தாயி என்ற பேர் அவர் வாயில் நுழையாது. 'சைனா' என்றுதான் கூப்பிடுவார்.

"சைனா, இது ஃபேக்டரி. டெம்பிள் வாசல் இல்லே. ஸ்டூல் மேலே உக்காரு."

"ஸ்டூல் மேல கால் எட்டாது தொரை. வெரல எங்க மாட்டறது?"

கேட்டுவிட்டு அவளே பதிலும் கண்டுபிடித்தாள். தச்சனை நச்சரித்து, பெருவிரல் தடிமனில் ஒரு மரமுளை செதுக்கச் சொல்லி, மேஜை ஓரத்தில் அடிக்க வைத்தாள். நூலை அதில் மாட்டினால் இரண்டு கையும் விடுதலை. ஒரு மாதத்துக்குள் எல்லா மேஜையிலும் முளை வந்துவிட்டது. பெண்கள் அதற்குப் 'பெருவிரல்' என்றே பேர் வைத்தார்கள். ஜடைகள் மளமளவென்று கட்டாகி வண்டி ஏறின, ஓஸ்வால்ட்டின் மீசையும் மேலே ஏறியது.

பிறகு மழைக்காலம் வந்தது. மெரிடன் போர்டு வைத்திருந்த ஓட்டல்களிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தார்கள். யாரும் கூப்பிடாமலே மணி அடிக்கிறதாம். கீழ் மாடிக்காரர் வெந்நீர் கேட்டால் மேல் மாடிக்காரருக்கு மணி அடித்து, அவர் தூக்கம் கெட்டு வந்து சண்டை போடுகிறாராம். ஓஸ்வால்ட் ஒரு போர்டைக் கழற்றி வரவழைத்து, ஜடையைப் பிரித்தார். உள்ளே நூல் ஈரம் வாங்கி, கம்பியின் பஞ்செல்லாம் ஊறி, செம்பில் பச்சை பூத்திருந்தது.

மழை மட்டும் காரணமில்லை. சின்னத்தாயியின் மேஜையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. வாழைநாரில் பூக்கட்டுகிறவர்கள் நாரைத் தண்ணீர் தொட்டுத்தான் கட்டுவார்கள், நார் வளைந்து கொடுக்கும், காய்ந்ததும் முடிச்சு இறுகும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் அவள் விரல் பழகியிருந்தது. மின்சாரம் ஓடுகிற கம்பிக்கும் அவள் மல்லிக்குத் தொட்ட மாதிரியே தண்ணீர் தொட்டாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் ஆளுக்கொரு கிண்ணம் வைத்துக்கொண்டார்கள். பூக்கட்டாத ஜோசஃபின்கூட.

ஓஸ்வால்ட் கத்தவில்லை. கத்தியை எடுத்து ஜடையில் ஒரே இடத்தில் நூலை அறுத்தார். முடிச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து ஜடை முழுக்க விரிந்துகொண்டது.

"பாத்தியா? ஒண்ணு போனா எல்லாம் போச்சு. ஃப்ளவர்க்கு சரி. ஒரு நாள் இருக்கும், அடுத்த நாள் குப்பை. இது இருபது வருஷம் இருக்கணும்."

அவர் சொன்னது நியாயம், அதுதான் அவளுக்கு எரிந்தது. இரண்டு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்குப் பிறகு வேலை உண்டா என்பதை இன்ஜினியர் கஸ்தூரிரங்கன் பார்த்துச் சொல்வாராம். அவள் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே தச்சன் சுத்தியலோடு வந்து மேஜையிலிருந்த முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரத்தைத் துலக்கினதையே துலக்கினாள். கோவிந்தப்பாவின் சட்டைப் பித்தான்களையெல்லாம் அறுத்து மறுபடி தைத்தாள். "நல்லாயிருந்த பித்தான ஏன்டி அறுக்கற?" என்று அவர் கேட்டதும், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டாள். ஏரிக்கரை, சிவாஜிநகர், ரஸ்ஸல் மார்க்கெட் என்று தினமும் இலக்கில்லாமல் நடந்தாள்.

மார்க்கெட் வாசலில் ஒரு குருவிக்காரி சாக்கு விரித்துப் பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள். சின்னத்தாயியைவிட ரொம்ப மூத்தவள், கழுத்து நிறைய மணி, வாய் நிறைய வெற்றிலை. கோத்து முடித்த மாலையில் ஒரு மணி விரிசல் விட்டிருந்தது. அவள் அந்த மணியைப் பல்லால் கடித்து உடைத்து, அந்த இடத்து நூலையும் சேர்த்து அறுத்துத் துப்பினாள். மற்ற மணிகள் ஒன்றுகூட உதிரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தன.

சின்னத்தாயி நடுரோட்டில் நின்றாள். பின்னால் வந்த ஜட்காக்காரன் உருதுவில் திட்டிவிட்டுப் போனான்.

"ஏ குருவிக்காரி, நூலு அறுந்தா மணி கொட்டாதா?"

"ஏன் கொட்டணும்? அதது அதது வூட்ல குந்திகினு கீது."

"எப்படிக் கட்டற? காட்டேன்."

"வாங்கறியா, வேடிக்க பாக்கறியா?"

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அவள் காட்டுவதாக இல்லை, முதுகைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் சின்னத்தாயி வெறும் கையோடு போகவில்லை. ஃபேக்டரியில் கூட்டித் தள்ளுகிற கம்பித் துண்டுகளில் நல்ல நிறமாகப் பார்த்து எப்போதோ கொண்டைக்குள் செருகிக் கொண்டுவந்து, வீட்டில் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது, கைக்கு ஏதாவது வேண்டுமே. அந்த டப்பாவைச் சாக்கின்மேல் கவிழ்த்தாள். சிவப்பும் மஞ்சளும் நீலமும் கொட்டியதும் குருவிக்காரியின் வெற்றிலை வாய் அசையாமல் நின்றது. ஒரு துண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள், விரலில் மோதிரமாகச் சுற்றிப் பார்த்தாள்.

"குந்து" என்றாள்.

முதலில் மடிப்பையிலிருந்து ஒரு தேன்மெழுகு உருண்டையை எடுத்து நூலை அதன்மேல் இரண்டு இழுப்பு இழுத்தாள். "தண்ணி ஒட்டாது, வழுக்காது" என்றாள். பிறகு கட்டிக் காட்டினாள். நூல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தன் அடியிலேயே நுழைந்து, திரும்பித் தன்னையே பூட்டிக்கொண்டது. அடுத்த முடிச்சுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சின்னத்தாயியின் விரல்கள் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டன. குருவிக்காரி சிரித்தாள். "ஒங்கையி நம்ம சாதிக் கையி" என்றாள்.

"மாசா மாசம் கம்பி கொண்டாறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சின்னத்தாயி ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். குருவிக்காரியின் பேரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

சஸ்பென்ஷன் முடிந்து போன நாளில், மேஜை ஓரத்துப் பழைய ஓட்டையில் அவளே வீட்டிலிருந்து கொண்டுபோன முளையை அடித்தாள். மெழுகு தடவிய நூலில், பூக்கட்டுகிற வேகத்தில், குருவிக்காரியின் முடிச்சைப் போட்டு ஒரு ஜடை கட்டி ஓஸ்வால்ட் முன்னால் வைத்தாள். அவர் கத்தியை எடுத்தார். ஒரு இடத்தில் அறுத்தார், உதறினார். இன்னொரு இடத்தில் அறுத்தார், உதறினார். அறுத்த முடிச்சுகள் போயின, மற்றவை அசையவில்லை. டம்ளர் தண்ணீரை எடுத்து நூலின்மேல் ஊற்றினார், முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது. ஓஸ்வால்ட் போய்க் கஸ்தூரிரங்கனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கஸ்தூரிரங்கன் மல்லேஸ்வரத்துக்காரர், பரம்பரையாகச் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம், மெதுவாகப் பேசுவார். மூன்று முறை கட்டச் சொல்லிப் பார்த்தார். "பலே" என்றார். படம் வரைந்தார். அடுத்த மாதமே அந்தப் படம் அச்சாகிச் சுவரில் தொங்கியது. அதற்கு 'மெரிடன் லாக்' என்று பேர். படத்தைப் பற்றிப் பேசக் கஸ்தூரிரங்கன் பம்பாய் போய் வந்தார். ஓஸ்வால்ட்டுக்குக் கம்பெனி கைக்கடிகாரம் கொடுத்தது. பெண்களுக்கு ஆளுக்கொரு லட்டு.

"இதுல எம்பேரு எங்க தொரை?" என்று சுவரைக் காட்டிக் கேட்டாள் சின்னத்தாயி.

"டீம் ஒர்க், சைனா. டீம் ஒர்க்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்தப் பைத்தியம். சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை, கடிகாரமும் கேட்கவில்லை. பேர் வேண்டும். தன் கையில் பிறந்தது தன் பேரில் இருக்க வேண்டும். வீட்டில் அதே பேச்சு, குழாயடியில் அதே பேச்சு. "பேரு வெச்சா சோறு வேகுமாடி?" என்று கோவிந்தப்பா கேட்டார். "வேகாது. ஆனா பசி அடங்கும்" என்றாள்.

புதிதாக எந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்தாலும் சின்னத்தாயிதான் முடிச்சுச் சொல்லித்தர வேண்டும். "இதுக்கு என்ன பேரு? சொல்லு, சின்னத்தாயி முடிச்சு" என்று வாயால் சொன்ன பிறகுதான் நூலைக் கையில் கொடுப்பாள். ஓஸ்வால்ட் தலை தெரிந்தால் அந்தப் பெண்கள் மெரிடன் லாக் என்பார்கள், அவர் போனதும் சின்னத்தாயி முடிச்சு என்பார்கள். ஆயுத பூஜைக்கு ஃபேக்டரி மெஷின்களுக்கெல்லாம் மாலை கட்டுவது அவள் வேலை. மாலை சாத்தி முடித்ததும் சுண்டல் பொட்டலத்தோடு நேராகக் கஸ்தூரிரங்கன் அறைக்குள் போய் நிற்பாள். வருஷம் தவறியதில்லை.

"சார், எம்பேரு."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சுண்டலை வாங்கிக்கொள்வார். கெட்டவர் இல்லை. அவள் பேரைத் திருட வேண்டும் என்று அவர் நினைத்ததுமில்லை. ஜடை கட்டுகிறவளுக்குப் போடும்படியாக ஒரு பேர் இருக்கும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட மனுஷர்மேல் கோபப்படுவது சுவரில் முட்டிக்கொள்கிற வேலை. சின்னத்தாயி சளைக்காமல் முட்டினாள்.

மார்க்கெட் பக்கம் மட்டும் அவள் போவதை விட்டுவிட்டாள். கம்பி இரண்டு தடவை கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்புறம் கேட்டில் கொண்டையை அவிழ்க்கச் சொல்லிச் சோதனை போட ஆரம்பித்தார்கள். வெறும் கையோடு போய் எப்படி முகத்தில் முழிப்பது என்று, கறிகாய் வாங்கக்கூடச் சுற்று வழியில் அல்சூர்க் கடைக்கே போனாள். போகப் போக அந்தச் சாக்கும் மெழுகு உருண்டையும் மனசிலிருந்து நழுவிக்கொண்டே போயின. முளை என்னுது, வேகம் என்னுது, அவ என்ன, ஒரு சுத்து காட்டினா, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். யாரும் கேட்காதபோதே இதை அடிக்கடி சொல்லிக்கொண்டாள்.

இப்படியே பத்து வருஷம் போயிற்று. ஓஸ்வால்ட் ரிடையராகி ஆஸ்திரேலியா போனார். கஸ்தூரிரங்கன் மேனேஜர் ஆனார். அறுபத்திரண்டில் கப்பன் பார்க்கை ஒட்டிய மைதானத்தில் பெரிய தொழிற்கண்காட்சி போட்டார்கள். மெரிடனுக்கும் ஒரு கொட்டகை. ஜனங்கள் பார்க்கும்படி இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஜடை கட்டிக் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று, சின்னத்தாயியும் ஜோசஃபினும். அந்த வருஷம் ஆயுத பூஜைச் சுண்டல் கொடுப்பதற்கு முன்பே கஸ்தூரிரங்கன் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"சின்னத்தாயி, கொட்டகைக்குப் போர்டு எழுதப் போறோம். கண்டுபிடிச்சவா பேரையும் போட்டுடலாம்னு இருக்கேன். பொம்மனாட்டி கண்டுபிடிச்சதுன்னா பார்க்கறவாளுக்கும் ஒரு இது. நீ சந்தோஷந்தானே?"

அவள் தலையை ஆட்டினாள்.

"ஒண்ணு கேட்டுக்கறேன். நாளைக்கு யாரும் வந்து தகராறு பண்ணப்படாது. எல்லாம் நீயேதானா? யாராவது சொல்லிக் குடுத்தாளா?"

மேஜைமேல் இருந்த சணல் கயிற்றை அவள் விரல்கள் எப்போது எடுத்தன என்று தெரியவில்லை. ஒரு சுற்று, அடியில் நுழைந்து, திரும்பிப் பூட்டிக்கொண்டது.

"இல்லீங்க சார். எல்லாம் நானே."

வெளியே வந்ததும் ஜோசஃபின் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கோவிந்தப்பா கேள்விப்பட்டு டிப்போ முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். சின்னத்தாயிக்கு அன்றும் தூக்கமில்லை, மறுநாளும் தூக்கமில்லை. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று கோவிந்தப்பா கேலி செய்தார். அவர் நினைத்தது வேறு. பத்து வருஷமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது அடங்கும் என்று அவள் நம்பியிருந்தாள். அது இடம் மாறி, சொன்ன பொய்யின்மேல் உட்கார்ந்துகொண்டது.

கண்காட்சி திறந்த நாள், மைதானத்து வாசலில் ஜனம் நெரிந்தது. பலூன்காரன், ஜவ்வுமிட்டாய்க்காரன், கரும்புச்சாறு வண்டி. சின்னத்தாயி நீலக்கரைப் புடவை கட்டியிருந்தாள், தோளில் பின்னூசியால் குத்திய அட்டை. கொட்டகைகளில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அவள் அட்டையில் கம்பெனி முத்திரைக்குக் கீழே அவள் பேர் இருந்தது. உள்ளே போர்டிலும் அவள் பேர் இருந்தது, காலையிலேயே போய் எழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவள் திரும்பிப் போகும்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஏ கம்பிக்காரி!"

வேலி ஓரத்தில் சாக்கு விரித்து அவள் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது, முன்பல் இரண்டு இல்லை. வெற்றிலை மட்டும் அப்படியே. சின்னத்தாயிக்கு முதலில் தோன்றியது ஓடிவிட வேண்டும் என்றுதான். ஆனால் சாக்கின்மேல் இருந்ததைக் கண் பார்த்துவிட்டது.

பாசிமணிக்கு நடுநடுவே சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கம்பியை நெளித்துப் பூவாக்கிக் கோத்த மாலைகள். வரிசையாக இருந்தன.

"கம்பி... கம்பி இப்ப எங்க கிடைக்குது?" என்று கேட்டாள்.

"குஜிலில, பழைய சாமான் கடைல வாங்கறோம். ஆனா நீதான மொதல்ல குடுத்த. எங்க ஆளுங்க எல்லாம் இப்ப இதான் கட்டுது. மைசூரு, மெட்ராஸு, எங்க போனாலும் இது நல்லா போவுது." கிழவி ஒரு மாலையைத் தூக்கிக் காட்டினாள். "கம்பிக்காரி மாலை. அதான் பேரு. பசங்ககூட அப்டித்தான் சொல்லும்."

சின்னத்தாயி வெயிலில் அப்படியே குந்தினாள். பத்து வருஷம் சுண்டலோடு போய் நின்று கெஞ்சிய பேர், கேட்காமலே இங்கே சாக்கின்மேல் இருந்திருக்கிறது. இவர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். கம்பி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவளின் பேர். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை, கண்ணீர் வந்தது. கிழவி அதைப் பார்த்து, "வெயிலா?" என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"உம்பேரு இன்னா?" என்று கேட்டாள் சின்னத்தாயி.

"எம்பேரா? எதுக்கு, போலீசா?"

"இல்ல. சும்மா... எனக்குத் தெரியணும். சொல்லு."

"ரூப்லி."

சின்னத்தாயி அதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கிழவியின் கையைப் பிடித்து எழுப்பினாள். "வா உள்ள. ஒண்ணு காட்டணும் உனக்கு."

"உள்ள வுட மாட்டான். டிக்கெட்டு காட்டினாலும் வுடல, காத்தால எங்க ஆளப் புடிச்சுத் தள்ளிட்டான்."

"நான் கூட வரேன், வா."

வாசலில் வாட்ச்மேன் கோலைக் குறுக்கே நீட்டினான். "ஏம்மா, உனக்கு அட்டை இருக்குது, நீ போ. குருவிக்காரங்கள உள்ள வுடக்கூடாதுன்னு ஆர்டரு."

"இவங்க கம்பெனி ஆளு."

"கம்பெனி ஆளுன்னா அட்டை எங்க?"

கஸ்தூரிரங்கனைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்பார். தன் தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள், பின்னூசியைக் கழற்றினாள். அட்டையை ரூப்லியின் தோளில், பாசிமணிகளுக்கு மேலே, நேராகப் பார்த்துக் குத்தினாள்.

"இந்தா இருக்குது அட்டை. படிச்சுக்க. மெரிடன் கொட்டகையில இதே பேரு போர்டுல எழுதியிருக்கு, போயி பாத்துக்க."

வாட்ச்மேன் முத்திரையைப் பார்த்தான், பேரைப் படித்தான், கிழவியை மேலும் கீழும் பார்த்தான். பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. கோலை எடுத்துவிட்டான்.

"நேரா போயி எடது பக்கம்" என்று சின்னத்தாயி கத்திச் சொன்னாள். "ஜோசஃபின்னு ஒருத்தி முடிச்சுப் போட்டுகினு இருப்பா. சரியா போடறாளான்னு பாரு."

"நீ வரலியா?"

"எனக்குத்தான் இப்ப அட்டை இல்லியே. நீ போ. சாக்க நான் பாத்துக்கறேன்."

ரூப்லி இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கூட்டத்துக்குள் அவள் நரைத்த கொண்டை தெரியாமல் போயிற்று. உள்ளே போய் என்ன சொல்வாள், கஸ்தூரிரங்கன் என்ன கேட்பார், நாளைக்கு வேலை இருக்குமா என்றெல்லாம் சின்னத்தாயிக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றத் தோன்ற விரல் பரபரத்தது. சாக்கின்மேல் உட்கார்ந்தாள். பாதியில் விட்ட மாலை ஒன்று கிடந்தது. செருப்பைக் கழற்றி, நூலின் தலைப்பைக் கால் பெருவிரலில் மாட்டி, மெழுகு உருண்டையில் இரண்டு இழுப்பு இழுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

குழந்தையைக் கையில் பிடித்திருந்த ஒரு அம்மாள் வந்து குனிந்தாள். கம்பிப் பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அழகா இருக்கே. இது என்ன மாலைம்மா?"

சின்னத்தாயி கையை நிறுத்தாமல் நிமிர்ந்தாள்.

"ரூப்லி மாலை" என்றாள்.